இலையை ஒடித்தால்தான் கொசு ஓடும்

ஐப்பசி நெருங்கினால் எங்கள் ஊர் நர்சரிகளில் ஒரு செடிக்குத் தனி மவுசு வந்துவிடும். ஒரு கடையில் அதை சிட்ரோனெல்லா என்பார்கள். இன்னொரு கடையில் எலுமிச்சைப்புல்லைக் காட்டி அதே பெயரைச் சொல்வார்கள். வேறொரு கடையில் ஜெரேனியம் வகை ஒன்றுக்குக் ‘கொசுச்செடி’ என்று அட்டை தொங்கும். “வாசல்ல ரெண்டு தொட்டி வைங்கம்மா, ஒரு கொசு உள்ள வராது” என்பார் விற்பவர்.

துளசி, நொச்சி, எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா, செண்டுமல்லி, வேம்பு என்று எல்லாவற்றையும் வாசலிலும் கொல்லையிலும் மாடியிலும் பல வருடமாக வளர்த்து வருகிறேன். சும்மா நிற்கும் செடி எந்தக் கொசுவையும் விரட்டுவதில்லை. துளசி மாடத்தின் நிழலிலேயே கொசு உட்கார்ந்து இளைப்பாறுவதைச் சாயங்காலத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

என் மாமியார் பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தபோது என் தொட்டி வரிசையைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, செடி என்ன காவக்காரனா, நின்னுக்கிட்டே விரட்டுறதுக்கு? ஒடிச்சுப் போடும்மா” என்றார். “அத்தை, அழகாத்தானே இருக்கு” என்று நான் சிரித்து வைத்தேன். ஆனால் விஷயம் அவர் சொன்னதில்தான் இருக்கிறது.

துளசி, நொச்சி போன்றவற்றின் இலை மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பிகள் உண்டு. வாசனை எண்ணெய் அவற்றுக்குள் அடைபட்டிருக்கிறது. எலுமிச்சைப்புல்லில் அது இலையின் சதைக்குள்ளேயே இருக்கிறது. இலையைக் கசக்கினால், நறுக்கினால், காயவைத்து எரித்தால், எண்ணெயாக வடித்தால் அது வெளியே வரும். செடி பாட்டுக்கு நிற்கும்போது காற்றில் கலப்பது மிகவும் குறைவு. கொசுவோ நம் மூச்சுக்காற்றையும் வியர்வை வாசனையையும் பிடித்துக்கொண்டு வருகிறது. அவ்வளவு வலுவான அழைப்பை அந்தத் துளி வாசனையால் மறைக்க முடியாது. கொசுச்செடி என்று விற்கும் அந்த ஜெரேனியத்தைக் கனடாவில் 1990-களிலேயே வெளியில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். செடியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் கொசு கடிக்கத்தான் செய்தது.

சரி, எந்தச் செடியை எப்படிப் பயன்படுத்தினால் வேலை செய்யும்? அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கொசுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் புது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பரவிய நகர் ஒன்றில் எங்கள் வீடு. இங்கே கொசுவுக்கு வருடத்தில் இரண்டு பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்று. ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணையை மூடிய பிறகு ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கும்போது இன்னொன்று. மாசி மாதச் சாயங்காலம் எங்கள் தெருவில் நின்று பேசினால் வாய்க்குள்ளேயே போகும்.

இரண்டும் ஒரே கொசு இல்லை. மழைக்காலத்தில் நல்ல தண்ணீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும் வரிக்கால் கொசு ஏடிஸ். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது அதுதான். சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பெருகி, பொழுது சாய்ந்த பிறகு காதில் ரீங்காரமிட்டுக்கொண்டு வருவது கியூலெக்ஸ். கும்பகோணம் பக்கம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனதற்குக் காரணம் இந்த இரண்டாவது. எந்த இலையை எந்த நேரத்தில் எடுப்பது என்பது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது.

இரவுக் கொசுவுக்கு நான் நம்புவது நொச்சியைத்தான். முற்காலத்தில் கோட்டையைக் காத்து நின்ற வீரர்கள் நொச்சிப் பூவைச் சூடிக்கொண்டார்களாம். வீட்டைக் காப்பதற்கும் அதுவே வந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வாய்க்கால் கரையில் தானாக வளரும். மூன்றோ ஐந்தோ விரல் விரித்தாற்போல இலை, அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு, ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூ. ஆடு மாடு அதிகம் வாய் வைக்காது. சென்னை மாநகராட்சியே கொசுவுக்காக நொச்சிக் கன்றுகளை மக்களுக்குக் கொடுத்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் இலையைப் பறித்துப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் கேள்வி. கன்றை நட்டுவிட்டுக் கொசு போகவில்லையே என்று குறைபட்டுக்கொண்ட உறவினர்கள் எனக்கு உண்டு.

எங்கள் வீட்டுப் பழக்கம் இது. வாரம் ஒரு முறை நொச்சியின் நீண்ட கிளைகளை வெட்டி, கொல்லைப்பக்கத் தாழ்வாரத்து நிழலில் தொங்கவிடுவேன். வெயிலில் காயவைத்தால் வாசனை பறந்துவிடும். முழுக்கச் சருகாகவும் விடக் கூடாது. சருகு குப்பென்று பற்றிக்கொண்டு ஒரு நிமிடத்தில் சாம்பலாகும். பச்சை இலையோ எரியாமல் கண்ணைக் கரிக்கும். வளைத்தால் ஒடியாமல் மடங்கும் பதம்தான் சரியானது. பழைய மண்சட்டியில் தேங்காய் நாரும் இரண்டு கரித்துண்டும் போட்டுக் கனலாக்கி, அதன் மேல் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். தும்பை கிடைத்தால் வேரோடு பிடுங்கிக் காயவைத்துச் சேர்த்துக்கொள்வேன். காய்ந்த வேப்பிலையும் சேரும். சாம்பிராணி அத்தையின் விருப்பம், கொசுவுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

நேரம் முக்கியம். கொசு உள்ளே வந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்த பிறகு புகை போட்டால் அது மூலையில் ஒதுங்கிக்கொள்ளும், இருமுவது நாம்தான். பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே, சன்னலும் கதவும் திறந்திருக்கும்போது, உள்ளறையிலிருந்து ஆரம்பித்து வாசல் வரை சட்டியைக் கொண்டுவந்து, கடைசியில் வாசலுக்கு வெளியே வைத்துவிடுவேன். உள்ளே இருப்பது வெளியே போகும். புகை அடங்கியதும் கதவு, சன்னல்களைச் சாத்த வேண்டும். வலை அடித்த சன்னலானால் திறந்தே இருக்கட்டும். கிராமத்தில் தொழுவத்தில் மூட்டம் போடுவதும் இதே கணக்குத்தான். மாட்டைச் சுற்றி மூன்று பக்கம் திறந்திருப்பதால் அங்கே புகையை இரவு முழுக்க விடலாம், மனிதர் தூங்கும் அறையில் விட முடியாது.

‘இயற்கைப் புகை, உடம்புக்கு ஒன்றும் செய்யாது’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புகை என்றால் புகைதான். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து தீரும்போது வெளியாகும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நொச்சி மூட்டத்தில் துகளே வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. என் கணவருக்கு வீசிங் உண்டு, ஆகவே அவர் அந்த அரை மணி நேரம் கடைத்தெருப் பக்கம் போய்விடுவார். ஆஸ்துமா இருப்பவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் உள்ளறைக்குள் புகை வேண்டாம், வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கொசுவர்த்திச் சுருளுக்கும் மூலம் ஒரு தோட்டப் பூதான் என்பது பலருக்குத் தெரியாது. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பைரித்ரம் என்ற பூவின் பொடியைக் கொண்டு ஜப்பானில் 1890-களில் செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு அந்தப் பூவின் சரக்கைப் பார்த்து ஆலையில் செய்த ரசாயனம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அதற்காக நம் ஊர்ச் செவ்வந்தியை வாசலில் வைத்துக் கொசு சாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அந்தப் பூ வேறு.

புகை வேண்டாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. புத்தம் புதிய நொச்சிக் கொத்தை லேசாகக் கசக்கிச் சன்னல் கம்பியிலும் கட்டில் காலிலும் கட்டுவது. வாசனை இருக்கும் வரைக்கும் கொஞ்சம் குறையும். மறுநாள் அதே கொத்து வெறும் காய்ந்த இலை. தினமும் மாற்ற முடியாதவர்களுக்கு இது சரிப்படாது. உட்கார்ந்து பூத்தொடுக்கும் இடத்தில், மாவாட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி கசக்கிப் போட்டுக்கொண்டால் அந்த நேரத்துக்கு உதவும்.

சிட்ரோனெல்லாவும் எலுமிச்சைப்புல்லும் ஒரே இனத்துப் புற்கள். தூர் பெரும்பாலும் செம்மை படர்ந்திருந்தால் சிட்ரோனெல்லா, வெளுத்த பச்சையாக இருந்தால் எலுமிச்சைப்புல். முகர்ந்து பார்த்தால் இன்னும் சுலபம். டீ போடலாம் போலத் தோன்றினால் எலுமிச்சைப்புல், சோப்புக் கடை ஞாபகம் வந்தால் சிட்ரோனெல்லா. இரண்டிலும் கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய் இருப்பது உண்மை, ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். 2002-ல் அமெரிக்காவில் பூச்சு மருந்துகளைக் கையில் தடவிக் கொசுக்கூண்டுக்குள் விட்டுச் சோதித்தார்கள். சிட்ரோனெல்லா கலந்தவை சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை, டீட் என்ற ரசாயனம் 24 சதவீதம் அளவில் கலந்த பூச்சு 5 மணி நேரம் தாங்கியது. வீட்டில் புல்லை நறுக்கித் தேங்காயெண்ணெயில் காய்ச்சிய தைலத்தை நாங்களும் தடவிக்கொள்கிறோம். மாடியில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துப் பேசி முடிக்கும் வரை சரி. அப்புறம் மறுபடி தடவ வேண்டியதுதான். தரை துடைக்கும் தண்ணீரில் புல் கொதித்த நீரை ஊற்றுவேன், வீடு மணக்கும். அது வாசனைக்காக, கொசுவுக்காக இல்லை.

தேங்காயெண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து காலில் தடவுவது இதைவிட நேரம் தாங்குகிறது. 100 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 2 மில்லி வேப்பெண்ணெய் போதும். அதற்கு மேல் போனால் கொசுவோடு வீட்டு மனிதர்களும் விலகிப் போவார்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி, மறுநாள் வரை அரிப்போ தடிப்போ இல்லையா என்று பார்த்த பிறகு மற்ற இடத்தில் தடவுங்கள்.

துளசியைப் பற்றி ஒரு வேடிக்கை. 1912 வாக்கில் பீகார் மாநிலம் பூசாவில் இருந்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவுக்காகப் பூசிக்கொள்ளும் சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடி ஆண் பழ ஈக்கள் கூட்டமாக வருவதைக் கவனித்து எழுதினார். ஈக்களை இழுக்கும் சரக்கு மெத்தில் யூஜினால் என்று பின்னால் தெரிந்தது. அதே சரக்கு துளசியிலும் உண்டு. ஒரு பூச்சியை விரட்டும் வாசனை இன்னொன்றை விருந்துக்கு அழைக்கிறது! மா, கொய்யாத் தோப்புகளில் பழ ஈயைப் பிடிக்கப் பொறிக்குள் வைப்பதும் இந்தச் சரக்கைத்தான். எங்கள் கொய்யா காய்க்கும் பருவத்தில் துளசியை ஒரு கைப்பிடி நசுக்கி, பக்கத்தில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலுக்குள் சோப்பு நீரோடு வைத்து மரத்தில் கட்டுகிறேன். ஆண் ஈக்கள் விழுகின்றன. பெண் ஈ வராது என்பதால் பழம் முழுதும் தப்பாது, சேதம் குறைகிறது. இலையை இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

இப்போது பகல் கொசு. இங்கே எந்த இலையும் கைகொடுக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். ஏடிஸ் காலையில் வெயில் ஏறும் நேரத்திலும் சாயங்காலத்துக்கு முன்பும் கடிக்கிறது, அப்போதெல்லாம் மூட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அது பெருகும் இடமோ நாம் ஆசையாக வளர்க்கும் தோட்டம்தான். வீடு வீடாக வரும் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் எங்கள் தெருவில் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை. அடுத்து மணிபிளான்ட் வைத்த பாட்டில். அடுத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு. கொசுச்செடி வைத்த தொட்டியின் தட்டிலேயே கொசுப்புழு நெளிவதை அந்தப் பணியாளர் ஒருவர் எங்கள் தெருவில் காட்டிய அன்று, அந்த வீட்டம்மா முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க எங்கள் ஊர் வெப்பத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாத் தட்டையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்ப்பது மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஈர விளிம்பில் ஒட்டிவிட்டுப் போகும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரியும். தென்னை நார்ப் பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். முடியாதவர்கள் தட்டில் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டால் ஈரம் இருக்கும், தண்ணீர் நிற்காது. எங்கள் வீட்டில் எல்லாத் தொட்டிக்கும் இப்போது மணல்தான். தாமரைத் தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறேன், புழுவைத் தின்று அது பெருகிக்கொண்டே போகிறது. அப்புறம், செப்டிக் டேங்க்கிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயின் வாயில் ஒரு துண்டுக் கொசுவலையைக் கட்டிவிடுங்கள். இரவுக் கொசு குறைய என் அனுபவத்தில் நொச்சி மூட்டத்தைவிட அதிகம் உதவியது இந்தத் துண்டு வலை. காசு கொடுத்து ஒரு தோட்டத்தையே வைத்துப் பார்த்த ஆள் இதைச் சொல்கிறேன்.

சமையலறைக்குள் கதை வேறு. அங்கே இலைகள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஏனென்றால் மூடிய டப்பாவுக்குள் வாசனை தங்குகிறது. டெல்டா வீடுகளில் பத்தாயத்தில் நெல் கொட்டும்போது நடுநடுவே நொச்சியும் வேப்பிலையும் பரப்புவது பழைய வழக்கம். எங்கள் வீட்டில் பத்தாயம் இல்லை, சிப்பமாக வாங்கும் அரிசிக்கு எவர்சில்வர் டிரம். நிழலில் நன்றாகக் காய்ந்த நொச்சி, வேப்பிலையை மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி, அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று வைக்கிறேன். உதிரியாகப் போட்டால் அரிசி களையும்போது வேப்பிலைத் துணுக்கு வந்துகொண்டே இருக்கும், சோறும் கசக்கும். காம்பு கிள்ளாத மிளகாய் வற்றல் சிலவற்றையும் கூடப் போடலாம். இலையில் கொஞ்சம் ஈரம் இருந்தால்கூடப் பூஞ்சணம் பிடித்து அரிசியே கெட்டுப்போகும், அவசரப்படாதீர்கள்.

ஆனால் வண்டு வந்த அரிசியில் இலை போட்டு ஒரு பலனும் இல்லை. தாய் வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடுகிறது. வெளியில் பார்த்தால் நல்ல அரிசி. ஒரு மாதம் போல ஆனதும் உள்ளிருந்து புது வண்டு வரும். ‘இலை போட்டேனே, எப்படி வந்தது’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அது கடையிலிருந்தே வந்தது. இலை புதிதாக வருவதைத் தடுக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. அரிசி வந்ததும் சல்லடையில் சலித்து, முறத்தில் புடைத்து, அப்புறம் டிரம்மில் கொட்டுங்கள். வண்டு விழுந்ததை விரித்துவைத்தால் தானாக ஓடும். சுள்ளென்ற வெயிலில் அதிக நேரம் காய்ந்தால் அரிசி நொறுங்கும்.

துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பயறுக்கு இலையைவிட விளக்கெண்ணெய் மேல். நன்றாகக் காய்ந்த பருப்புக் கிலோவுக்கு ஒரு சின்ன ஸ்பூன், கையில் தேய்த்துக்கொண்டு பிசறினால் எல்லாவற்றிலும் மெழுகினாற்போலப் படியும். பயறு வண்டு தன் முட்டையைப் பருப்பின் மேல்தான் ஒட்டும். எண்ணெய்ப் பூச்சில் அது பிழைப்பதில்லை. ஆமணக்கும் நம் வேலியோரத்துச் செடிதான், ஆனால் கொட்டையில் கடுமையான விஷம் உண்டு. எண்ணெயைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வசம்பைப் பற்றிப் பலர் கேட்பார்கள். தண்ணீர் தேங்கும் தொட்டியில் சேற்று மண் வைத்தால் வீட்டிலேயே வளரும், இலை பார்க்க நாணல் போல இருக்கும். கிழங்கைக் காயவைத்துத் தட்டிப் போட்டால் பூச்சி அண்டாது, அவ்வளவு காரமான வாசனை. விதைக்கு வைக்கும் நெல்லிலும் பயறிலும் தாராளமாகப் போடலாம். சாப்பிடும் அரிசியில் பொடியாகக் கலக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதில் உள்ள அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றிக் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிக்கு ஆகாத ஒன்று, பிஞ்சு உடம்புக்கு மட்டும் ஏன் ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

வசம்புக்குச் சரியான இடம் அலமாரி. என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது மருத்துவர் முதலில் சொன்னது, பீரோவிலும் தொட்டில் துணியிலும் இருக்கும் பாச்சை உருண்டையை எல்லாம் அப்புறப்படுத்துங்கள் என்பதுதான். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அந்த உருண்டையின் நாப்தலீன் வாசனை பட்ட துணியைச் சுற்றினாலே அவர்களுக்கு ரத்தச் சிவப்பணு சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். அன்றிலிருந்து எங்கள் பட்டுப்புடவைகளுக்கு வசம்பும் வெட்டிவேரும். இரண்டையும் தனித்தனித் துணிப் பையில் கட்டி மடிப்புக்கு நடுவில் வைப்பேன், நேரடியாகப் பட்டில் பட்டால் கறை விழும். வெட்டிவேரைச் சிமென்ட் சாக்கில் மணல் கலந்து வளர்த்தால் சாக்கைக் கிழித்து வேரை முழுசாக எடுக்கலாம். தரையில் நட்டால் தோண்டித் தோண்டி இடுப்பு ஒடியும். வேரில் இருக்கும் நூட்கடோன் என்ற பொருளைக் கொசு, உண்ணி விரட்டியாகப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2020-ல் அனுமதி கொடுத்தது. ஆனால் அவர்கள் எடுப்பது வேரிலிருந்து இல்லை. நம் வெட்டிவேர்ப் பையைத் தலைமாட்டில் வைத்தால் கொசு வராது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காப்பதற்கு வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம் இவற்றோடு சூடமும் சேர்த்த பொடியைத் துணியில் முடிந்து வைப்பது பழைய முறை. சுவடியைத் துடைக்கப் புல் தைலம். அதைப் பார்த்துத்தான் நான் வீட்டுப் புத்தக அலமாரியிலும் இதே பொடி முடிச்சுகளை வைக்க ஆரம்பித்தேன். வெள்ளிப்பூச்சி நன்றாகக் குறைந்தது. வாசனை மங்கியதும் பொடியை மாற்ற வேண்டும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடாமல், ஈரச்சுவரை ஒட்டிப் புத்தகத்தை அடுக்கிவிட்டு முடிச்சு மட்டும் வைத்தால் பிரயோசனம் இல்லை.

தோட்டத்துக்குள்ளே செடிக்குச் செடி மருந்து என்பது தனிப் பெரிய பாடம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசுவினி, மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, முதலில் அதைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலிலோ பூந்திக்கொட்டை நீரிலோ அடித்து வெள்ளையாக்கிக்கொண்டு பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். தேனீ போன பிறகு, வெயில் தாழ்ந்து, இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். செண்டுமல்லியைக் கத்திரி, தக்காளி பக்கத்தில் தொட்டியாகக் கொண்டுவந்து வைப்பதில் பயனில்லை. அதன் வேர்தான் மண்ணில் இருக்கும் நூற்புழுவை அடக்குகிறது. அதே மண்ணில் இரண்டு மாதமாவது வளர்ந்து வேர் பரப்ப வேண்டும், பூ முடிந்ததும் செடியை அந்த இடத்திலேயே மடக்கி மூடிவிடலாம்.

கடைசியாக, செய்யக் கூடாத சில. தலையில் பேனுக்குச் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது நம் ஊர் வைத்தியம். பேன் சாகும், உண்மை. அந்த விழுது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், கண் மருத்துவமனைகளில் இப்படி வருகிறவர்கள் இன்றும் உண்டு. பிள்ளைகள் தலையில் அதை வைக்கவே வைக்காதீர்கள். கொசு வராது என்று சூடத்தைக் கரைத்த எண்ணெயையோ நீலகிரித் தைலத்தையோ கைக்குழந்தை மேல் தடவ வேண்டாம். கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம். எருக்கு, அரளி இலையை யார் என்ன சொன்னாலும் புகை போடாதீர்கள், அரளிப் புகையும் நஞ்சுதான். குழந்தைக்கு நல்ல துணி வலைதான். தெருவில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்தால் நான் என் தைலங்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கடையில் விற்கும் பூச்சு மருந்தைத்தான் வாங்குகிறேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பால்கனி மட்டும் உள்ளவர்கள் என்ன வைக்கலாம் என்று கேட்டால் நொச்சி ஒன்று, எலுமிச்சைப்புல் ஒன்று என்பேன். நொச்சியைத் தொட்டியிலும் வளர்க்கலாம், அடிக்கடி வெட்டினால் அடங்கி இருக்கும், வெட்ட வெட்டத்தான் இலை அடர்ந்து வரும். கன்று வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மழை பிடித்ததும் பென்சில் கனத்தில் முற்றிய போத்து ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். போத்துக்கு வாய்க்கால் கரையில் தேடிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டு வெட்டுங்கள். மருந்துக்கடை வாசனை மூக்கில் ஏறினால் அது நொச்சி.